யார் கையும் படாத ரெக்கார்டு

பாப்பா, தம்பி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். போன ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது போன்ல ஒரு வீடியோ காட்டினீங்களே, "அப்பா, நம்ம மலை பாரு, பாட்டு ரெக்கார்டு அட்டையில வரைஞ்சிருக்காங்க"ன்னு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அந்த அட்டை இருந்தது. பச்சை மையில மலை. மலைக்குக் கீழே ஒரு மரம், மரத்துல ஒரு தூளி. ஓரமா லேசா மஞ்சக் கறை. பக்கத்துல வெள்ளைக் கையுறை மாட்டின ரெண்டு கை மட்டும் தெரிஞ்சது, முகம் காட்டலை. "உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு. உள்ள இருக்கற ரெக்கார்டு அச்சான நாள்லேர்ந்து இன்னிவரைக்கும் யார் கையும் படாதது"ன்னு ஒரு குரல் பெருமையா சொல்லிச்சு.

நான் பாதிச் சோத்துல எழுந்து போயிட்டேன். "இன்னா ஆச்சு இந்த மனுஷனுக்கு, குழம்பு நல்லால்லியா?"ன்னு உங்கம்மா கேட்டா. குழம்பு நல்லாத்தான் இருந்தது. 

அந்தக் கையை எனக்குத் தெரியும். ரெண்டரை வருஷம் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். நீங்க வளர்ந்து வேலைக்கு, வெளியூருக்குன்னு போவீங்க. இந்த மாதிரி ஆளுங்களை நல்ல சட்டையிலயும் நல்ல பேச்சிலயும் பார்ப்பீங்க. அதனால எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதி வைக்கிறேன். பத்தாவதோட நின்னவன் நான். தப்பு இருந்தா திருத்திக்குங்க. பெரியவங்களை 'அவன் இவன்'னு எழுதக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன், அதனால அவர்னே எழுதறேன்.

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போற சந்துல அந்த மாடி வீடு. சொந்தக்காரர் சென்னையில இருந்தார். மோட்டார் போடறது, தண்ணித் தொட்டி கழுவறது, வாடகைக்கு வர்றவங்களுக்கு வேண்டியதைப் பார்த்துக்கறது எல்லாம் என் பொறுப்பு. சாவி ஒண்ணு எப்பவும் என்கிட்ட இருக்கும். ஒயரிங் வேலையோட இதையும் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த மாடிக்கு வர்றவங்க பையில நாலு காவித் துணி இருக்கும், இல்லன்னா தியானம் பண்ற பாய் இருக்கும். வீடியோவுல கை மட்டும் தெரிஞ்ச இவர் குடிவந்தப்ப வேன்ல இறங்கினது எல்லாம் மரப்பெட்டி. சரி, கையோட தூக்கி வெப்போம்னு ஒண்ணைப் பிடிச்சேன்.

"தொடாதே!"

அதுதான் அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. அப்புறம் சிரிச்சுக்கிட்டே பையிலேர்ந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை எடுத்துக் குடுத்தார். "இதை மாட்டிட்டுத் தூக்குப்பா. கையில எண்ணெய் இருக்கும், உனக்கே தெரியாது." அன்னிலேர்ந்து எங்க சந்துல அவருக்குப் பேர் கிளவுஸ் சார்.

பெட்டி முழுக்க ரெக்கார்டு. அதுவும் நூறு விதம் இல்லை. ஒரே ரெக்கார்டு! ஒரு நாட்டுல அச்சானது, இன்னொரு நாட்டுல அச்சானது, அட்டையில எழுத்து மாறினது, எழுத்து தப்பா விழுந்ததுன்னு ஒரே பாட்டுத் தொகுப்பு அலமாரி முழுக்க. எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் உறை. ஜன்னல் சந்துக்கெல்லாம் டேப் ஒட்டச் சொன்னார். பௌர்ணமிக்கு ஜனம் நடந்தா தூசி வருதாம். ஊரே மலையைச் சுத்தற நாள்ல அவர் வீட்டு ஜன்னல் மட்டும் ஒட்டி மூடியிருக்கும். ஒரு தரம் கேட்டுல நின்னு ஒரு அம்மா தண்ணி கேட்டாங்க. குடுத்தார். குடுக்காம இல்லை. ஆனா அவங்க போனதும் அவங்க பிடிச்சிருந்த கேட்டுக் கம்பியில மருந்து அடிச்சுத் துடைச்சார்.

அவருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் முதல்ல மோந்து பார்ப்பார். அட்டையை, பேப்பரை, நான் கொண்டுபோற பால் பாக்கெட்டை. என்னைக்கூட. "இன்னிக்குக் குளிச்சியா?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ளே விடுவார். மோந்து முடிச்சதும் மார்க் போடுவார். பழைய ரெக்கார்டு வாங்கி விக்கிறவங்களுக்கு அப்படி ஒரு மார்க் முறை இருக்குதாம். புத்தம் புதுசா, கீறல் விழாம இருந்தா 'மின்ட்'. கொஞ்சம் அடிபட்டிருந்தா 'வெரி குட்'. 'குட்'னு சொன்னா நல்லதுன்னு நாம நினைப்போம், ஆனா அது குப்பைக்கு ஒரு படி மேல. கடைசி 'பூர்'. இதை ரெக்கார்டோட நிறுத்தியிருந்தா பரவால்லை. நான் வாங்கிட்டுப் போற இட்லி 'வெரி குட்'. எதிர் வீட்டு டீச்சரம்மா 'வெரி குட் ப்ளஸ், வயசு ஆயிடுச்சு'. தெரு முனையில திருவோடு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கற சாமியார் 'பூர், ஆனா ஒரிஜினல்'. சொல்லிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

பாப்பா, உனக்கு அப்போ மூணு வயசு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு உன்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். நீ பாட்டுக்கு ஓடிப்போய் கீழ் வரிசையில இருந்த ஒரு அட்டையில கையை வெச்சுட்டே. அவர் கத்தலை. உன் கையைப் பிடிச்சு, ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால ஒவ்வொரு விரலா துடைச்சார். அப்புறம் உன் தாடையைத் தூக்கிப் பார்த்தார். குழாயடியில விழுந்து தையல் போட்டது ஆறி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. "ச்சே! இந்தக் கீறல் மட்டும் இல்லன்னா இது மின்ட்டுப்பா. இப்போ வெரி குட்தான்"ன்னார்.

நானும் சிரிச்சேன். அதை மறைக்காம எழுதறேன். பெத்த பொண்ணுக்கு ஒருத்தர் மார்க் போட்டுத் தள்ளி வெக்கிறார், நான் பக்கத்துல பஞ்சு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறேன். நீ கண்ணாடி முன்னாடி நின்னு தாடையைத் தடவிப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருது.

கெட்டவர்னு மட்டும் சொன்னா அதுவும் பொய். உங்கம்மாவுக்கு வயித்துவலி ஜாஸ்தியாகி வேலூருக்குக் கொண்டுபோகணும்னப்ப, கேட்ட உடனே அவர் காரைத்தான் குடுத்தார். டிரைவரையும் அனுப்பினார். ஆனா உங்கம்மா ஏறப் போனப்ப, "ஒரு நிமிஷம்"ன்னு சீட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வெச்சார். உங்கம்மா வலியில துடிச்சுக்கிட்டு வேலூர் வரைக்கும் அந்த ஷீட்டு மேல வழுக்கி வழுக்கி உட்கார்ந்து போனா. நன்றியும் சொல்லணும், குமட்டவும் செய்யுது. அவர் பண்ற நல்லது எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும்.

இன்னொண்ணு. ஒரு சீசன்ல நாலு மாம்பழம் வாங்கிட்டு வந்து மேஜை மேல வெச்சார். நாலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரு புள்ளி கிடையாது. "சாப்பிடலையா சார்?"னு கேட்டேன். "கடிச்சா போயிடும்பா. பாரு எப்படி இருக்கு"ன்னார். நாலு நாள் பார்த்தார். அஞ்சாம் நாள் சாறு வழிஞ்சு மேஜையில ஈ மொய்ச்சது. மூக்கைப் பொத்திக்கிட்டு, "எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ"ன்னு வெளியே வந்து நின்னார். நான்தான் வழிச்சுப் போட்டேன்.

அப்படி என்னதான் பாட்டு அதுன்னு ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். இன்னிக்குக் கணக்குப் பார்த்தா ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி சென்னையில கிதார், டிரம்ஸ்னு வாசிக்கிற நாலு காலேஜ் பசங்க சேர்ந்து ஒரு குழு வெச்சிருந்தாங்க. தனித்தனிப் பாட்டா இல்லாம, ரெக்கார்டு முழுக்க ஒரே கதையா பண்ணணும்னு அவங்களுக்கு ஆசை. நம்ம மலைதான் கதை. ஒருத்தன் கிரிவலம் கிளம்பறான். எட்டு லிங்கத்துக்கு எட்டுப் பாட்டு. ஒவ்வொரு லிங்கத்துகிட்டயும் ஒண்ணை விட்டுட்டுப் போறான். செருப்பு, கடிகாரம், கோபம், சாதி, கடைசியில தன் பேரு. எல்லாத்தையும் விட்டு முடிச்சதும் ஒன்பதாவது பாட்டு. அதுல அவன் கைக்குழந்தை ஆயிடறான். ஒரு அம்மா தாலாட்டித் தூங்க வெக்கிறா. கதை முடிஞ்சது.

அந்த ஒன்பதாவது பாட்டுக்காக பசங்க டேப் மெஷினைத் தூக்கிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில வந்து தங்கினாங்களாம். அங்கே கடலைக் கொல்லையில களை எடுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா, மரத்துல தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்க வெச்சதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா ரெக்கார்டு கம்பெனிக்காரர், "களை எடுக்கிற பொம்பள குரலும் பிள்ளை அழுகையும் எவன் கேப்பான்?"னு அந்தப் பாட்டை வெட்டச் சொல்லிட்டார். நாலு பேருக்குள்ள அடிதடி. ஒருத்தன் வெளிநாடு போனான், ஒருத்தன் காவி கட்டிக்கிட்டு இங்கேயே இருந்து செத்தான். குழு கலைஞ்சது. கடைக்கு வந்த ரெக்கார்டுல எட்டே பாட்டு. வெட்டறதுக்கு முன்னாடி சோதனைக்குன்னு கொஞ்சம் ரெக்கார்டு அச்சடிச்சாங்க, அதுல மட்டும்தான் ஒன்பதாவது பாட்டு இருக்கு. அதுல ஒண்ணு அவர்கிட்ட இருந்தது. அட்டை கிடையாது, வெறும் வெள்ளை உறை.

"போட்டுக் காட்டுங்களேன் சார்"ன்னேன்.

"போடறதா? ஊசி பட்டா மின்ட் போயிடும்பா. நானே கேட்டதில்லை. எல்லாரும் சொல்றாங்க, பாட்டு ஒண்ணும் பிரமாதம் இல்லையாம். அவங்க அடிச்சுக்கிட்டாங்க பாரு, அதுலதான் இதுக்கு மதிப்பு."

எல்லாத்தையும் கீழே வெச்சுட்டு நடக்கற ஒருத்தனோட கதை. அதை அலமாரி அலமாரியா அடுக்கி, டேப் ஒட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்னிக்கு அது தோணலை. பெரிய விஷயம் தெரிஞ்சவர்னு வாயைப் பொளந்து நின்னேன்.

"ஒரே ஒரு குறை"ன்னார் அன்னிக்கு. "பசங்க கையால வரைஞ்ச அட்டை ஒண்ணு இருக்குதாம். அந்தத் தாலாட்டுக்காரிக்கே குடுத்துட்டாங்களாம். அது கிடைச்சா, என் ரெக்கார்டை அதுல போட்டா, உலகத்துலயே..." சொல்லி முடிக்கலை. வாயில எச்சில் ஊறின மாதிரி விழுங்கினார்.

அதைத் தேடிக் குடுத்தவன் நான்தான்.

அடி அண்ணாமலையில செவந்தி அக்கா இட்லிக் கடை. அவங்க கிரைண்டர் மோட்டார் நின்னுபோச்சுன்னு போயிருந்தேன். வேலை முடிஞ்சு கை கழுவும்போது சாமி அலமாரியில பார்த்தேன். முருகர் படத்துக்கும் அண்ணாமலையார் படத்துக்கும் நடுவுல பச்சை மலை, தூளி, மேல சந்தனம் குங்குமம். கீழே 'அக்காவுக்கு'ன்னு எழுதி நாலு கையெழுத்து.

"இது இன்னாக்கா?"

"எங்கம்மா"ன்னாங்க, சாதாரணமா.

அவங்களுக்கு ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள அம்மா மஞ்சக் காமாலையில போயிட்டாங்களாம். ஒரு போட்டோ கிடையாது. வளர்த்தது அத்தை. "இதுக்குள்ளதான் உங்கம்மா கீறா, தூளியில கெடந்து அழுவறது நீதான்"னு அத்தை சொல்லிச் சொல்லி, வருஷா வருஷம் படையல் போடும்போது அட்டைக்குள்ள இருந்த கறுப்புத் தட்டு ரெக்கார்டை வெளியே எடுத்து நாலு பக்கமும் பொட்டு வெச்சு, கும்பிட்டு, திரும்ப உள்ளே வெச்சுடுவாங்க. நாம செத்தவங்க படத்துக்குப் பொட்டு வெக்கிறோமே, அந்த மாதிரி.

"ஒரு தரம்கூடப் போட்டுக் கேட்டதில்லையாக்கா?"

"அத்தை உசுரோட இருந்த வரைக்கும் வாசப்படி தாண்ட விடலை தம்பி. அது போனப்பறம் டவுனுக்கு சவுண்டு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். 'அந்த மெஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டு எத்தினி வருஷம் ஆவுது'ன்னுட்டான். மூஞ்சிதான் தெரியாது. குரலாச்சும் ஒரு தரம் கேட்டா போதும்."

நான் சந்தோஷமா ஓடினேன் பாப்பா. ரெண்டு பேருக்கும் நல்லது பண்றோம்னு நினைச்சு ஓடினேன். ஆசிரமத்துப் பக்கம் காபிக் கடை வெச்சிருந்த வெள்ளைக்கார அம்மாகிட்டயும் ரெக்கார்டு மெஷின் இருந்தது, அதுக்குப் பிளக்கு மாத்திக் குடுத்தவனே நான்தான். அது ஞாபகம் வரலை. பெரிய மனுஷர் கையில குடுத்தாத்தான் பத்திரம்னு நினைக்கிற புத்தி.

கிளவுஸ் சார் அன்னிக்கே வந்தார். கடையில உட்காரலை. அக்கா குடுத்த டீயை மோந்து பார்த்துட்டு ஓரமா வெச்சார். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து ரெக்கார்டை உருவினதும் அப்படியே சுருங்கிப்போச்சு. நாப்பது வருஷத்துச் சந்தனம் காய்ஞ்சு ஏடு ஏடா ஒட்டியிருந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க!"

"பொட்டு வெச்சிருக்கேன் சார்"ன்னாங்க அக்கா, ஏதோ தப்பு பண்ணிட்டமோன்னு என்னைப் பார்த்துக்கிட்டே.

என்ன வேணும்னு கேட்டார். "காசு கீசு வேணாம் சார். எங்கம்மா பாடறதை ஒரு தரம் போட்டுக் காட்டுங்க. அப்பால நீங்களே வெச்சிக்குங்க. என் பிள்ளைங்க இதைக் கும்பிடப் போவுதா, தெருவுல போடப் போவுது. உங்ககிட்டன்னா பத்திரமா இருக்கும்." சுத்தம் பண்ணி, அடுத்த வாரம் வீட்டுல போட்டுக் காட்டறேன்னு சொல்லி அவர் அட்டையோட எடுத்துக்கிட்டார். அட்டை இருந்த இடத்துல அக்கா கற்பூரம் ஏத்தினாங்க. நான்தான் சாமி அலமாரியில எரிஞ்சுக்கிட்டிருந்த கற்பூரத்து மேல கையை வெச்சேன். "சார் போட்டுக் காட்டுவார்க்கா. நான் பொறுப்பு."

சொன்ன நாளன்னிக்குக் காலையிலயே கடையை மூடிட்டு, தலைக்குக் குளிச்சு, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு அக்கா வந்தாங்க. கையில ரெண்டு முழம் மல்லி. மெஷின் மேல வெக்கலாமான்னு கேட்டாங்க. "ஐயோ, வேணாம்மா, ஈரம்"ன்னு அவர் தடுத்துட்டார். சுவரோரமா தரையில உட்காரச் சொன்னார். கையுறை மாட்டிக்கிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு ரெக்கார்டை வெச்சு ஊசியை இறக்கினார்.

ஒரு பெண் குரல். வார்த்தை கிடையாது, வெறும் ம்ம்ம்ம்னு ஒரு இழுவை. பின்னாடி வயலின். என்ன குரல் அது, தேன் மாதிரி. அக்கா அப்படியே வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"குழந்தை அழுவலையே சார்?"

"அதைக் கம்பெனிக்காரங்க எடுத்துட்டாங்கம்மா."

அக்கா தரையில நெத்தி பட விழுந்து மெஷினைக் கும்பிட்டாங்க. "எம்மா! எம்மா! இம்மாம் நல்ல குரலா எங்கம்மாவுக்கு"ன்னு தேம்பித் தேம்பி அழுதாங்க. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. கிளவுஸ் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னார். அக்கா போனதும் அவங்க உட்கார்ந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னார். துடைச்சேன். கண்ணீர் விழுந்த இடம் வேற ஈரமா இருந்தது, அதையும் சேர்த்துத்தான் துடைச்சேன்.

அடுத்த வாரம் குப்பைக் கூடையைக் கொட்டறேன். டீத்தூளுக்கும் முட்டை ஓட்டுக்கும் கீழே கறுப்பா ஏதோ. இழுத்துப் பார்த்தா ரெக்கார்டு. நாலு பக்கமும் சந்தனப் பொட்டு. ஒரு பொட்டுகூடக் கலையலை. சுத்தம் பண்ணவும் இல்லை, ஊசி படவும் இல்லை.

மேலே போனேன். அவர் மேஜையில உட்கார்ந்து, அட்டை மேல இருந்த குங்குமத்தை பிளேடு முனையால சுரண்டிக்கிட்டு இருந்தார். பக்கத்துல அவரோட சுத்தமான ரெக்கார்டு, அந்த அட்டைக்குள்ள போறதுக்குத் தயாரா.

"சார், இது குப்பையில இருந்தது."

"ஆமா, போட்டேன். அது பூர்."

"அப்போ அன்னிக்கு நீங்க வெச்சது?"

"அது வேற ஏதோ வெளிநாட்டுப் பாட்டுப்பா. அந்தம்மாவுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"உங்க ரெக்கார்டுலயும் அவங்கம்மா பாட்டு இருக்குதே சார். அதையாவது ஒரு தரம்..."

"உனக்கு எத்தனை தரம் சொல்றது, ஊசி பட்டா போச்சு."

"அப்படி அழுதாங்களே சார், பார்த்தீங்களே."

அவர் பிளேடைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். "பார்த்தேனே. அந்த அழுகை இருக்கு பாரு, அது மின்ட்."

ஓங்கி அறைஞ்சேன்னு எழுத ஆசைதான். அறையலை. இறங்கி வந்துட்டேன். கீழே குழாயடியில சோப்புப் போட்டு ஒரு தரம் கையைக் கழுவினேன். பத்தலை. ரெண்டாம் தரம், மூணாம் தரம். அப்புறம் பார்த்தா, விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சு, அவர் மாதிரியே கழுவிக்கிட்டு நிக்கிறேன். அப்படியே ஈரக் கையோட ரெக்கார்டை எடுத்துக்கிட்டு நடந்தேன்.

காபிக் கடை வெள்ளைக்கார அம்மாகிட்ட பாதி ஜாடையில சொன்னேன். அவங்க வெதுவெதுன்னு தண்ணி வெச்சு, கொஞ்சம் சோப்புக் கரைச்சு, ரெண்டு பேரும் பஞ்சால ஊற ஊற எடுத்தோம். தண்ணி மஞ்சளாச்சு, அப்புறம் சிவப்பாச்சு. ரெக்கார்டோட நடுவுக்கிட்ட இருக்கற கடைசி வளையம்தான் ஒன்பதாவது பாட்டுன்னு அவங்க விரலால காட்டினாங்க. ஊசியை அங்கே வெச்சாங்க.

டக்கு டக்குன்னு சத்தம். அப்புறம் காக்கா கத்தறது. அப்புறம் ஒரு குரல். தேனும் இல்லை ஒண்ணும் இல்லை. வெயில்ல கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. ஆராரோன்னு ஆரம்பிச்சு, ஒரு இழுப்பு இழுக்குது, சுருதி எங்கேயோ போகுது. பிள்ளை வீல்னு அழுவுது. உடனே பாட்டை நிறுத்திட்டு, "ஏ செவந்தி! கண்ணை மூடுடி கழுத! இன்னும் ரெண்டு பாத்தி கெடக்குதுடி எனக்கு!" யாரோ ஒரு பையன் சிரிக்கிறான். மறுபடி ஆராரோ. பொட்டு இருந்த இடத்துல ரெண்டு தரம் ஊசி தாண்டிச்சு. எல்லாத்தையும் போன்ல பிடிச்சுக்கிட்டேன்.

பிடிச்சிட்டேனே தவிர, ரெண்டு நாள் அந்தப் பக்கம் போகலை. அக்கா நிம்மதியா இருந்தாங்க. கடைக்கு வர்றவங்ககிட்டெல்லாம் "எங்கம்மா குரல் கேட்டேன், இன்னா குரல் தெரியுமா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதைக் கெடுக்கறதா? உங்கம்மாகிட்ட கேட்டேன். முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே சொன்னா: "எவளோ பாடினதை அம்மான்னு நம்பிக்கிட்டே அது சாவணுமா? கற்பூரத்து மேல கை வெச்சவன் நீ. உனக்கு வெக்கமா கீதுன்னு அது ஏமாந்தே கெடக்கணுமா?"

போனேன். அக்கா மாவு கரைச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன், குப்பைக் கூடை வரைக்கும்.  போனை அம்மிக் கல்லு மேல வெச்சுப் போட்டேன்.

'ஏ செவந்தி'ன்னு வந்ததும் அக்கா, "ம்?"னு தலையைத் தூக்கினாங்க. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பற மாதிரி. 'கழுத'ன்னதும் சிரிச்சுட்டாங்க. மாவுக் கையோட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க, கண்ணுலேர்ந்து கொட்டுது. "என் குரல்தான்டா தம்பி! என்னை மாதிரியே கத்துது பாரு!" ஏழெட்டுத் தரம் போடச் சொன்னாங்க. எட்டாவது தரம் முடிஞ்சதும் சிரிப்பு நின்னுபோச்சு.

"அப்போ அன்னிக்கு நான் யாருக்குத் தம்பி அழுதேன்?"

 

அக்கா எழுந்து கை கழுவிட்டு, ரெக்கார்டைத் துண்டால ஒத்தி, அட்டை இல்லாம அப்படியே சாமி அலமாரியில நிறுத்தினாங்க. சந்தனம் குழைச்சாங்க. "அக்கா, பொட்டு வெச்சா பாட்டு கெட்டுடும்"னு சொன்னேன். "அதான் உன் போன்ல பிடிச்சிட்டியே. அம்மாவுக்குப் பொட்டு இல்லாம வெப்பாங்களா?"ன்னு வெச்சாங்க. அட்டையைப் போய்ப் பிடுங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. "மெனக்கெட்டு நானேதான் குடுத்தேன். போவட்டும்." அப்புறம் ஏதோ யோசிச்சுட்டு, "அவரு வெச்சிருக்காரே இன்னொரு தட்டு, அதுலயும் எங்கம்மாதானே பாடுது?"

"ஆமாக்கா."

"அது பொட்டு இல்லாமயா கெடக்குது?"

மிச்சம் இருந்த சந்தனத்தையும் துளி குங்குமத்தையும் ஒரு வாழையிலைத் துண்டுல மடிச்சு, "இந்தா, நீயும் வெச்சிக்க"ன்னு என் கையில குடுத்தாங்க.

அன்னிக்கு மத்தியானம் கிளவுஸ் சார் சென்னைக்குப் போயிருந்தார். என் சாவியைப் போட்டு மாடி வீட்டைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்துல எனக்குன்னு தொங்கற கையுறையைத் தொடலை. குளிச்சியான்னு கேக்கவும் ஆள் இல்லை. நடு அலமாரியில பச்சை மலை. பிளாஸ்டிக் உறையைக் கழட்டி, அட்டைக்குள்ளேயிருந்து ரெக்கார்டை உருவினேன். ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை, என் மூஞ்சி அதுல தெரிஞ்சது. கடைசி வளையத்தைத் தேடிக் கண்டுபிடிச்சேன். வாழையிலையைப் பிரிச்சு, மோதிர விரலால சந்தனம் எடுத்து வெச்சேன். அது நடுவுல குங்குமம். காயற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். காய்ஞ்சதும் ரெண்டு கையால பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பழையபடி உள்ளே வெச்சு, உறையைப் போட்டு, இருந்த இடத்துலயே நிறுத்தினேன்.

விரல்ல கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காம என் நெத்தியில வெச்சுக்கிட்டு, கதவைப் பூட்டிட்டு இறங்கினேன்.